களைக்கொல்லி வேர்நுனியில் செல் பிரிவை எங்கே நிறுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களைக்கொல்லி என்றதும் கருகிய இலைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் எத்தனையோ களைக்கொல்லிகள் இலையைத் தொடுவதே இல்லை. மண்ணுக்குள், முளைவிட்ட விதையின் வேர்நுனியில், ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள இடத்தில் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. வெங்காய வேரை வைத்து ஆய்வுத்திட்டம் செய்யும் மாணவர்களும், பயிரின் வேர் ஏன் இப்படிக் குண்டாகிவிட்டது என்று குழம்பி நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேர்நுனியில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி இரண்டு நாள் வையுங்கள். வளர்ந்த வெள்ளை வேர் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேரின் பெரும்பகுதி கண்ணாடிபோல் இருக்கும். நுனியில் மட்டும் ஒரு சிறு துணுக்கு மங்கலாக, லேசான மஞ்சள் சாயலோடு தெரியும். அதுதான் ஆக்குத்திசு, செல்கள் பிரிந்து பெருகும் இடம். செல்கள் சின்னவை, உள்ளே உட்கரு பெரியது, சைட்டோபிளாசம் அடர்த்தியானது. அதனால்தான் ஒளி எளிதில் ஊடுருவுவதில்லை.

அதற்கு முன்னால் தொப்பிபோல வேர்மூடி, பின்னால் செல்கள் நீளும் பகுதி. நுனியில் புதுச் செல்கள் பிறக்க வேண்டும், பிறகு அவை நீள வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேர் வளரும். எனவே "வேர் நீளவில்லை, ஆகவே செல் பிரிவு நின்றுவிட்டது" என்று அளவுகோலை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நீளும் வேலை மட்டும் நின்றிருக்கலாம்.

அறை வெப்பநிலையில் வெங்காய வேரின் ஒரு செல் பிரிந்து, மறுபடி பிரிவதற்கு ஏறக்குறைய முக்கால் நாளிலிருந்து ஒரு நாள்வரை ஆகும். அதில் மைட்டாசிஸ், அதாவது குரோமோசோம்கள் இரண்டு பங்காகப் பிரியும் கட்டம், நடப்பது சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் தயாரிப்பு: ஜி1 நிலை, டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் நிலை, ஜி2 நிலை. அப்புறம்தான் மைட்டாசிஸின் நான்கு நிலைகள்: குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கும் புரோஃபேஸ், நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ், இரண்டு பக்கமும் விலகிப்போகும் அனாஃபேஸ், இரண்டு உட்கருக்கள் உருவாகும் டீலோஃபேஸ்.

செல் பிரிவில் களைக்கொல்லி எந்த இடத்தில் கை வைக்கிறது?

எல்லாக் களைக்கொல்லியும் ஒரே இடத்தில் கை வைப்பதில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதும் அதுதான். "செல் பிரிவைத் தடுக்கிறது" என்ற ஒற்றை வரிக்குள் நாலைந்து வெவ்வேறு விபத்துகள் ஒளிந்திருக்கின்றன.

சில களைக்கொல்லிகள் செல்லைப் பிரிவுக்குள் நுழையவே விடுவதில்லை. சில நுழைய விடுகின்றன, ஆனால் குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் கதிர்க்கோலைக் கட்ட விடுவதில்லை. சிலவற்றால் கதிர்க்கோல் உருவாகிறது, ஆனால் இரண்டு முனைகளுக்குப் பதிலாக மூன்று நான்கு முனைகளோடு. இன்னும் சில, குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிந்த பிறகு நடுவே சுவர் எழும்ப விடுவதில்லை. குரோமோசோமையே உடைப்பவையும் உண்டு. நுண்ணோக்கியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி முகம்.

டிரைஃப்ளூரலின், பெண்டிமெத்தலின் போன்றவை என்ன செய்கின்றன?

இவை டைனிட்ரோஅனிலின் குடும்பம். 1960களில் டிரைஃப்ளூரலின் சந்தைக்கு வந்தது. பெண்டிமெத்தலினும் ஒரைசலினும் அதே குடும்பத்துப் பிள்ளைகள். செல் பிரிவைத் தாக்கும் களைக்கொல்லிகளில் மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டவை இவைதாம்.

செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள் உண்டு. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்ந்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கினால் நுண்குழல். இவை நிரந்தரமானவை அல்ல. ஒரு முனையில் சேர்ந்துகொண்டும் கழன்றுகொண்டும் இருக்கும். டைனிட்ரோஅனிலின் மூலக்கூறு டியூபுலினோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய டியூபுலின் குழலின் முனையில் போய்ச் சேர்ந்தால் அதற்கு மேல் அடுக்க முடியாது. கழல்வது மட்டும் தொடர்கிறது. கொஞ்ச நேரத்தில் குழலே இல்லாமல் போகிறது.

இப்போது பிரிவுக்குத் தயாரான ஒரு செல்லை நினைத்துப் பாருங்கள். டிஎன்ஏ இரட்டித்துவிட்டது, குரோமோசோம்கள் சுருண்டு தடித்துவிட்டன, உட்கருச் சவ்வும் கரைந்துவிட்டது. இழுக்கத்தான் கயிறு இல்லை. குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்பதற்குப் பதிலாக செல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நல்ல ஸ்லைடு ஒன்றில் 16 பெருக்கல் குறிகளைக் கொட்டி வைத்ததுபோல் தெரியும். ஒவ்வொரு குரோமோசோமின் இரட்டித்த இரண்டு பாதிகளும் (குரோமேட்டிடுகள்) கைகளை விரித்தபடி, சென்ட்ரோமியர் என்ற இணைப்பில் மட்டும் ஒட்டியிருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் ஸ்லைடை நகர்த்தவே மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அம்புக்குறியோடு வரும் "கதிர்க்கோல் இழை" எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பது, அது இல்லாத செல்லைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

இந்த நிலைக்கு சி-மெட்டாஃபேஸ் என்று பெயர். கோல்சிசின் என்ற தாவர நஞ்சால் வருவது போன்றது என்பதால் அந்த "சி". செல் இப்படியே காலமெல்லாம் நிற்காது. சில மணி நேரம் காத்திருந்துவிட்டு, சிதறிய குரோமோசோம்களைச் சுற்றி மறுபடி உட்கருச் சவ்வை மூடிக்கொள்கிறது. பிரிய வேண்டிய இரண்டு பங்கும் ஒரே உட்கருவுக்குள் அடைபடுவதால் 16க்குப் பதில் 32 குரோமோசோம்கள். அந்த உட்கருவும் உருண்டையாக இல்லாமல் மடல் மடலாக, கோணல்மாணலாக இருக்கும். சில சமயம் ஒன்றுக்குப் பதில் நாலைந்து சிறு உட்கருக்களாகச் சிதறியிருக்கும்.

செல் பிரியவில்லை என்றால் வேர் மெலியத்தானே வேண்டும்? ஏன் நுனி குண்டாகிறது?

நல்ல கேள்வி. நுண்குழல்களுக்குக் கதிர்க்கோல் மட்டும் வேலை இல்லை. பிரியாத சமயத்தில் அவை செல்சுவருக்கு உள்பக்கமாக, பீப்பாயைச் சுற்றிய பட்டைகள்போல் படிந்திருக்கும். செல்லுலோஸ் இழைகள் அந்தத் திசையிலேயே பின்னப்படுகின்றன. வளையம்போட்ட பீப்பாய் பக்கவாட்டில் புடைக்காது. ஆகவே தண்ணீர் உள்ளே வந்து அழுத்தும்போது செல் நீளவாக்கில்தான் வளரும்.

நுண்குழல்கள் போனால் இந்த ஒழுங்கும் போகிறது. செல் எல்லாப் பக்கமும் ஊதுகிறது. நீள வேண்டிய செல்கள் உருண்டையாகின்றன. ஓரிரு நாளில் வேர்நுனி கதாயுதம்போல் முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்க வேர்களும் கிளம்புவதில்லை. ஆக, அந்த வீக்கம் செல்கள் அதிகமாகப் பெருகியதால் வந்த கட்டி கிடையாது. இருக்கும் செல்கள் வடிவம் இழந்ததால் வந்தது.

கோல்சிசினும் இதுவும் ஒன்றா?

விளைவு ஏறக்குறைய ஒன்று, பிடிக்கும் இடம் வேறு. கோல்சிசின் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே வேதிப்பொருள். விலங்குகளின் டியூபுலினை அது மிக இறுக்கமாகப் பிடிக்கும். தாவர டியூபுலினிடம் அதற்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. அதனால் வேரில் வேலை செய்ய வைக்க அதிகச் செறிவு வேண்டும். டைனிட்ரோஅனிலின்கள் நேர் எதிர். தாவர டியூபுலினை மிகக் குறைந்த செறிவிலேயே பிடிக்கும். முதுகெலும்பிகளின் டியூபுலினைப் பிடிப்பதில்லை. குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் பயிர் இனப்பெருக்க ஆய்வாளர்கள் இன்று கோல்சிசினுக்குப் பதில் பல இடங்களில் ஒரைசலினைப் பயன்படுத்துவது இதனால்தான்.

குளோர்புரோஃபாம் போன்ற கார்பமேட்டுகள்?

இவை நுண்குழலை அழிப்பதில்லை, அதன் திசையைக் குழப்புகின்றன. விலங்குச் செல்லில் கதிர்க்கோலின் முனைகளில் இருக்கும் சென்ட்ரியோல் தாவரச் செல்லில் கிடையாது. நுண்குழல்கள் எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்ற ஒழுங்கமைப்பு வேறு வகையில் நடக்கிறது. கார்பமேட் அந்த ஒழுங்கைக் கெடுக்கிறது. இரண்டு முனைகளுக்குப் பதில் மூன்று, நான்கு முனைகள் தோன்றி, ஆளுக்கொரு பக்கம் குரோமோசோம்களை இழுக்கின்றன. அனாஃபேஸில் இரண்டு கொத்துகளுக்குப் பதில் மூன்று நான்கு கொத்துகளைப் பார்த்தால் இந்த வகையைச் சந்தேகிக்கலாம். சேமிப்பில் இருக்கும் உருளைக்கிழங்கு முளைக்காமல் தடுக்கப் பல பத்தாண்டுகள் குளோர்புரோஃபாம்தான் பயன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

குரோமோசோம்கள் சரியாகப் பிரிந்தபிறகும் பிழை வருமா?

வரும். இரண்டு மகவு உட்கருக்களுக்கு நடுவே செல் தட்டு எழும்ப வேண்டும். ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற நுண்குழல் சாரம் அந்த இடத்தில் நின்று, சுவருக்கான பொருள்களைக் கொண்டுவந்து கொட்டும். குளோர்தால் டைமெத்தில் இந்தச் சாரத்தைக் குலைக்கும். டைகுளோபெனில் செல்லுலோஸ் உற்பத்தியைத் தடுப்பதால் தட்டு அரைகுறையாக நிற்கும். ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கரு, அல்லது பாதியில் நின்றுபோன சுவர், இவைதாம் அடையாளம். களைக்கொல்லியாக இல்லாவிட்டாலும் காஃபீனும் வேர்நுனியில் இதே காரியத்தைச் செய்யும். பள்ளி ஆய்வகத்தில் பாதுகாப்பாகக் காட்ட வேண்டுமென்றால் காஃபீன் கரைசலே போதும்.

சல்ஃபோனைல்யூரியா வகைகள் அமினோ அமிலத்தைத்தானே தடுக்கின்றன? அதற்கும் செல் பிரிவுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். டியூபான்ட் நிறுவனத்தில் ஜார்ஜ் லெவிட் கண்டுபிடித்த குளோர்சல்ஃப்யூரான் என்ற சல்ஃபோனைல்யூரியா 1982இல் விற்பனைக்கு வந்தது. அதுவரை ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் தெளித்துப் பழகியவர்களுக்குச் சில பத்துக் கிராம் போதும் என்பது நம்ப முடியாததாக இருந்தது. இந்த மருந்து பட்ட செடியில் ஒளிச்சேர்க்கை நடக்கிறது, சுவாசம் நடக்கிறது, இலை பச்சையாகவே இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்துக்குள் வேர்நுனியில் செல் பிரிவு நின்றுவிடுகிறது. செடி மஞ்சளாகிச் சாவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

காரணம், வேலின், லூசின், ஐசோலூசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் பாதையில் முதல் முக்கிய நொதியான அசிட்டோலாக்டேட் சிந்தேஸை அது அடைத்துவிடுகிறது. முதிர்ந்த இலையிடம் இருப்பு இருக்கும். வேர்நுனி அன்றாடங்காய்ச்சி. நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் செல்லுக்குப் புதுப் புரதம் இல்லாமல் ஒரு வேளைகூட ஓடாது. பட்டாணி வேரில் செய்த சோதனைகளில், செல்கள் ஜி1 நிலையிலும் ஜி2 நிலையிலும் நின்றுவிட்டன. மைட்டாசிஸுக்குள் நுழையவே இல்லை. ஏற்கெனவே நுழைந்துவிட்ட செல்கள் ஒழுங்காக முடித்து வெளியேறின. கதிர்க்கோலில் எந்தக் கோளாறும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அதே வேர்களுக்கு வேலினையும் ஐசோலூசினையும் கரைசலில் சேர்த்துக் கொடுத்தபோது செல் பிரிவு மறுபடி தொடங்கியது. களைக்கொல்லி அங்கேயேதான் இருக்கிறது. பற்றாக்குறையை மட்டும் வெளியிலிருந்து ஈடுகட்டினார்கள். பிரிவு இயந்திரம் கெடவில்லை, எரிபொருள்தான் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கிளைஃபோசேட்டும் அப்படித்தானா?

கிட்டத்தட்ட. அது அடைப்பது இபிஎஸ்பி சிந்தேஸ் என்ற வேறொரு நொதி. ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் கிடைக்காமல் போகும். இலையில் தெளித்தாலும் சர்க்கரை போகும் அதே ஃபுளோயம் வழியாக, வளரும் நுனிகளைத் தேடிப் போய்ச் சேரும் குணம் இதற்கு உண்டு. ஆகவே வேர்நுனியிலும் பாதிப்பு தெரியும்.

2,4-டி செல் பிரிவைத் தூண்டும் என்கிறார்கள். பிறகு எப்படி அது களைக்கொல்லி?

இரண்டும் உண்மைதான். 2,4-டி ஒரு செயற்கை ஆக்சின், அதாவது தாவர வளர்ச்சி ஹார்மோனைப் போன்றது. திசு வளர்ப்பில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சேர்த்தால், முதிர்ந்த செல்கள்கூட மறுபடி பிரியத் தொடங்கி காலஸ் என்ற ஒழுங்கற்ற செல் கட்டியாக வளரும். ஆனால் ஆக்சின் விஷயத்தில் தண்டுக்கு உரமாகும் அளவு வேருக்கு நஞ்சு. மிகக் குறைந்த செறிவிலேயே வேர் நீள்வது நின்றுவிடும். நுனியில் பிரிவு குறையும் அதே நேரத்தில், கொஞ்சம் மேலே, பக்க வேர்கள் கிளம்பும் பெரிசைக்கிள் என்ற உள்ளடுக்கில் தேவையில்லாத பிரிவு தொடங்கும். பக்க வேர் மொட்டுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வரிசையாக முட்டும். வேர் தடித்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

அதாவது இங்கே பிரிவு நிற்கவில்லை, இடம் மாறிவிட்டது. நுனியை மட்டும் வெட்டி ஸ்லைடு போட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

குரோமோசோமையே உடைப்பவை எவை?

மாலிக் ஹைட்ரசைடு இதற்குப் பழைய, தெளிவான எடுத்துக்காட்டு. டார்லிங்டனும் மெக்லீஷும் 1951இல் அவரை வகைச் செடியான விசியா ஃபாபாவின் வேரில் இதைச் சோதித்து, குரோமோசோம்கள் கண்ட இடத்தில் உடையாமல், டிஎன்ஏ இறுகிச் சுருண்டிருக்கும் ஹெட்டரோகுரோமாட்டின் பகுதிகளிலேயே அதிகம் உடைவதைக் காட்டினார்கள். ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான யுராசிலோடு உருவ ஒற்றுமை உள்ள மூலக்கூறு இது.

ஆய்வகத்தில் இதனால் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வெங்காயம் சேமிப்பில் முளைக்காமல் இருக்க, அறுவடைக்கு முன் இலையில் மாலிக் ஹைட்ரசைடு தெளிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்த வெங்காயத்தை வாங்கித் தண்ணீரில் வைத்தால் வேர் விடாது, விட்டாலும் குட்டையாக நிற்கும். "கட்டுப்பாட்டுக் குழுவிலேயே வேர் வரவில்லை" என்று மாணவர்கள் கலங்கி நிற்கும்போது, முதலில் வெங்காயத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெங்காய வேர்ச் சோதனையை எப்படிச் செய்வது?

இந்தச் சோதனைக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. கோல்சிசினின் விளைவை ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவான் 1938இல் வெங்காய வேரில்தான் விவரித்தார். 1985இல் கெய்ரிட் ஃபிஸ்கெஸ்யோ அதைச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக்கான நிலையான சோதனையாக வகுத்துக் கொடுத்தார். குரோமோசோம்கள் குறைவு, ஒவ்வொன்றும் பெரியது, வெங்காயம் எங்கும் கிடைக்கும். வேறென்ன வேண்டும்?

மருந்து தெளிக்காத, ஒரே அளவு வெங்காயங்களை எடுங்கள். வெளித்தோலையும் காய்ந்த பழைய வேர்களையும் உரித்துவிடுங்கள். அடித்தட்டைச் சுற்றியுள்ள வேர் முனைப்பு வளையத்தில் கத்தி படக் கூடாது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் வேர் விட்ட பிறகு சோதனைக் கரைசலுக்கு மாற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து, நுனியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த நிலைநிறுத்தியில் (செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்தும் கரைசலில்) போடுங்கள். பிறகு 60 டிகிரி செல்சியஸில் ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் வைத்தால் செல்கள் பிரிந்துவரும். அசிட்டோகார்மைன் அல்லது அசிட்டோஆர்சீன் சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப் போட்டு, வடிதாளை மேலே வைத்துக் கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சுருண்டுவிடும், அந்த ஸ்லைடு வீண்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் செய்முறையை அப்படியே எடுத்து, நிலைநிறுத்துவதற்கு முன் கோல்சிசினிலோ பாரா டைகுளோரோபென்சீனிலோ வேரை ஊற வைத்துவிடுவார்கள். அந்த முன்கையாளல் தானே சி-மெட்டாஃபேஸை உண்டாக்கும். அப்புறம் நீங்கள் பார்ப்பது களைக்கொல்லியின் விளைவா, கோல்சிசினின் விளைவா? இந்தச் சோதனைக்கு முன்கையாளல் கூடவே கூடாது.

இன்னொன்று, டிரைஃப்ளூரலினும் பெண்டிமெத்தலினும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூட முழுதாகக் கரையாது. அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படியானால் வெறும் கரைப்பான் மட்டும் சேர்த்த ஒரு தனிக் குழுவும் கட்டாயம் வேண்டும். கையுறை போட மறக்காதீர்கள்.

மைட்டாசிஸ் குறியீடு களைக்கொல்லி போட்ட வேரில் கூடிவிட்டது. எங்கே தப்பு?

தப்பே இல்லாமல் இருக்கலாம். என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் மிக முக்கியமானது என்பேன்.

மைட்டாசிஸ் குறியீடு என்பது எண்ணிய செல்களில் எத்தனை சதவீதம் பிரிவு நிலையில் இருக்கின்றன என்பது. ஒரு பேச்சுக்கு, நல்ல தண்ணீரில் இருந்த வேரில் 1000 செல்களை எண்ணி 90 பிரிவில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 9. அதில் புரோஃபேஸ் 45, மெட்டாஃபேஸ் 15, அனாஃபேஸ் 10, டீலோஃபேஸ் 20. ஒரைசலினில் சில மணி நேரம் இருந்த வேரில் 150 செல்கள் பிரிவில் தெரிகின்றன. குறியீடு 15. "களைக்கொல்லி செல் பிரிவை ஊக்குவிக்கிறது" என்று எழுதிவிடலாமா? நிலைவாரியாகப் பாருங்கள்: புரோஃபேஸ் 30, சிதறிய மெட்டாஃபேஸ் 120, அனாஃபேஸ் பூஜ்யம், டீலோஃபேஸ் பூஜ்யம்.

உள்ளே வரும் வாசல் திறந்திருக்கிறது, வெளியேறும் வாசல் பூட்டிக்கிடக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு செல்கூடப் பிரிந்து முடிக்கவில்லை. மறுநாள் அதே வேரை எடுத்தால் சிக்கிய செல்கள் மடல் உட்கருவாக மூடிக்கொண்டிருக்கும், குறியீடும் சரிந்திருக்கும். குளோர்சல்ஃப்யூரானில் நேர் எதிர்: உள்ளே வரும் வாசல் பூட்டு, வெளியேறும் வாசல் திறப்பு. குறியீடு சில மணி நேரத்திலேயே பூஜ்யத்தை நோக்கி இறங்கும், ஆனால் கோணலான ஒரு செல்லைக்கூடப் பார்க்க முடியாது.

ஆகவே குறியீட்டை மட்டும் ஒற்றை எண்ணாகத் தராதீர்கள். நிலைவாரிப் பட்டியலையும், எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணுபவருக்கு எந்த ஸ்லைடு எந்தக் கரைசல் என்று தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

பாலம், பின்தங்கிய குரோமோசோம், நுண்கரு என்பவை எதைக் காட்டுகின்றன?

அனாஃபேஸ் பாலம் என்பது விலகிப்போகும் இரண்டு கொத்துகளுக்கு நடுவே இழுபடும் இழை. உடைந்த முனைகள் தப்பாக ஒட்டிக்கொண்டால், அல்லது குரோமோசோம்கள் பிசுபிசுத்துப் போனால் வரும். பின்தங்கிய குரோமோசோம் என்றால் கதிர்க்கோலோடு சரியாக இணையவில்லை என்று பொருள். இரண்டு வழியிலும் முடிவில் மிஞ்சுவது நுண்கரு: பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொட்டு. அந்தப் பொட்டுக்குள் இருப்பது உடைந்த துண்டா, முழுக் குரோமோசோமா என்பதை வெறும் சாய ஸ்லைடு சொல்லாது. எனவே நுண்கருவைப் பார்த்ததுமே "டிஎன்ஏவை உடைக்கிறது" என்று எழுதிவிட வேண்டாம். கதிர்க்கோல் கோளாறாலும் அது வரும்.

கடையில் விற்கும் களைக்கொல்லியை அப்படியே பயன்படுத்திச் சோதித்தால் போதுமா?

எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விற்பனைக் கலவையில் செயல்பொருளோடு பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களும் கரைப்பான்களும் இருக்கும். அவையே செல் சவ்வைப் பாதித்து வேரை நிறுத்தலாம். வயலில் சேர்வது கலவைதான் என்பதால் அதைச் சோதிப்பது பயனுள்ளதே. ஆனால் அதன் முடிவைச் செயல்பொருளின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. தூய செயல்பொருளையும் தனியாக வைத்துப் பாருங்கள்.

பாதிக்கப்பட்ட வேர் மீளுமா?

எங்கே நின்றது என்பதைப் பொறுத்தே இதற்கும் பதில். அமினோ அமிலப் பற்றாக்குறையில் நின்ற செல், தடை சீக்கிரம் நீங்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். கதிர்க்கோல் இழந்து 32 குரோமோசோம்களோடு மூடிக்கொண்ட செல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் வேர் மீளலாம். ஆக்குத்திசுவின் நடுவே உறக்க மையம் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் மிக மெதுவாகவே பிரியும். பிரியாத செல்லைப் பிரிவு நஞ்சு அதிகம் தொடுவதில்லை. நஞ்சு விலகியதும் அந்தச் சேமிப்பிலிருந்து புது நுனி எழும்ப வாய்ப்பு உண்டு. நல்ல தண்ணீருக்கு மாற்றிய வேரில், வீங்கிய குமிழைத் தாண்டி மெல்லிய புது நுனி நீள்வதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம்.

களையின் வேரை நிறுத்தும் மருந்து பயிரின் வேரை ஏன் விட்டுவைக்கிறது?

டைனிட்ரோஅனிலின்களில் பெரும்பங்கு ஆழம்தான். நீரில் கரையாத இவை மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மேலடுக்கிலேயே தங்கும். சின்ன விதைக் களைகள் அந்த அடுக்குக்குள்ளேயே முளைத்து மாட்டிக்கொள்ளும். ஆழமாக ஊன்றிய பெரிய விதையின் வேர்நுனி அந்த அடுக்குக்குக் கீழே ஓடிவிடும். விதை மேலாக விழுந்துவிட்டாலோ, மருந்து ஆழமாகக் கலந்துவிட்டாலோ பயிரும் அடி வாங்கும். சல்ஃபோனைல்யூரியாவில் கதை வேறு. கோதுமை குளோர்சல்ஃப்யூரானை வேகமாக மாற்றி, சர்க்கரையோடு இணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

களைகள் இதற்கும் பழகிக்கொண்டனவா?

ஆம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆண்டுக்கணக்கில் டிரைஃப்ளூரலின் போட்ட பருத்தி வயல்களில், எலூசின் இண்டிகா என்ற புல் எதிர்ப்பு பெற்றது. கேழ்வரகின் நெருங்கிய உறவு அது. 1998இல் காரணம் தெரிந்தது: ஆல்ஃபா டியூபுலினில் 239ஆவது இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும் மருந்தின் பிடி நழுவிவிட்டது.

வேர்நுனியைப் பாதிப்பது மனித செல்லையும் பாதிக்குமா?

இலக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், டைனிட்ரோஅனிலின் நம் டியூபுலினைப் பிடிப்பதில்லை. அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் நமக்கு இல்லவே இல்லை. ஆனால் ஒரு வேதிப்பொருள் உடம்புக்குள் தன் இலக்கைத் தவிர வேறு எதையும் தொடாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குளோர்தால் டைமெத்தில் செடியில் செல் தட்டைத் தாக்கும் மருந்து. 2024 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை அவசர உத்தரவால் நிறுத்தியது வேறு காரணத்துக்காக: கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு ஹார்மோன் அளவைப் பாதிக்கும் என்பதற்காக. வெங்காய வேர் ஓர் எச்சரிக்கை மணி. அது அடித்தால் அடுத்த கட்டச் சோதனைக்குப் போக வேண்டும். அடிக்கவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

வீங்கிய வேரைப் பார்த்ததும் களைக்கொல்லிதான் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. வேர்முடிச்சு நூற்புழுவாலும் வேர் வீங்கும். ஆனால் அந்த முடிச்சுகள் வேர் நெடுக அங்கங்கே இருக்கும், நுனியில் மட்டும் இருக்காது. கீறிப் பார்த்தால் உள்ளே பெண் புழு முத்துபோல் தெரியும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்தால் நுனி குட்டையாகித் தடிக்கும். இறுகிய மண்ணும் வேரைத் தடிக்க வைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஓர் எளிய வழி. சந்தேகப்படும் மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்தே படாத அதே வகை மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் மக்காச்சோளமோ ஓட்ஸோ முளைக்கப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து, இழுத்துப் பிடுங்காமல், மண்ணைத் தண்ணீரில் கரைத்து நாற்றுகளை எடுத்து வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனிகள் கதாயுதமாகி, பக்க வேர்களும் இல்லை என்றால் டைனிட்ரோஅனிலின் மீது சந்தேகம் வலுக்கும். வீக்கமே இல்லாமல் வேர்கள் குட்டையாக மட்டும் நின்றிருந்தால் சல்ஃபோனைல்யூரியா எச்சத்தையும் யோசிக்க வேண்டும். அப்போது அந்த நுனிகளில் நாலைந்தை வெட்டி நிலைநிறுத்தியில் போட்டுவையுங்கள். செல் எங்கே நின்றது என்பதை ஸ்லைடில் பார்த்துக்கொள்ளலாம்.